சான்று 31

தார்த்து, மாவட்ட நீதிமன்றம், மூன்றாம் மாடி.
ஹீட்டர் தனக்குள் எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறது.
உன் வக்கீல் கண்ணாடியை ஏற்றிவிட்டு
என் பழைய இரவொன்றை வாசிக்கிறார்:

"நீ இல்லாமல் இந்தக் கம்பெனி இல்லை.
போய்த் தூங்கு, கழுதை."

அனுப்பியவர் கைரே. பெற்றவர் ஏவிகா.
அதிகாலை இரண்டு பதினான்கு.

நம் முதல் சானா கூடாரம்
அடுப்பின் மேல் உருகி வழிந்த இரவு அது.
உன் மாமா படகை விற்றுத் தந்த பணத்தில்
மிச்சம் நாற்பது யூரோ, அந்த நாற்றம்.
பெய்ப்சி ஏரிக்கரையில் ஒற்றைக் கையுறையை
ஆளுக்குப் பத்து நிமிடம் மாட்டிக்கொண்டோம்.
சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்தது.
விக்கல் சான்றில் இல்லை.

"கழுதை என்றது வசையா?"
என்று கேட்கிறார்.

என் வக்கீல் காலையிலேயே சொல்லித் தந்திருந்தார்.
வசை என்றால் மேல்வரி கிண்டல்.
கிண்டல் என்றால் நீ வெறும் ஊழியர்,
இருபத்திரண்டு சதவீதம் என் பக்கம்.
செல்லம் என்றால்
மேல்வரி ஒப்புதல் வாக்குமூலம்.

தேய்ந்து கட்டெறும்பாகும் என்பார்கள்.
நம் கழுதை
சதவீதமாகித் தேய்ந்திருந்தது.

தண்ணீர் குடித்தேன்.
நீ பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாய்,
கடன் கேட்டு வங்கிக்குப் போன அன்று போலவே.
கடிக்காதே என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

போட்டிக் கம்பெனிக்கு நீ வரைபடம் காட்டியது உண்மை.
ஒரு ஞாயிறு இரவு உன் சாவி அட்டையை
நான் முடக்கியதும் உண்மை.
திங்கள் காலை கண்ணாடிக் கதவுக்கு வெளியே
கேக் பெட்டியோடு நின்றாய்,
கணக்கெழுதும் பையனுக்குப் பிறந்தநாள்.
உள்ளே எல்லோரும்
திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சாட்சி பதில் சொல்லவும்."

"இரவு இரண்டு மணிக்குத் தூங்கப் போகச் சொல்லி
யாரும் யாரையும் திட்டுவதில்லை," என்றேன்.

தட்டச்சு ஓடி நின்றது.
என் வக்கீல் பேனாவை மூடி
சட்டைப்பையில் செருகினார், மிக மெதுவாக.
நீ நிமிரவில்லை.

வெளியே கோட்டு மாட்டுமிடத்தில்
உன்னுடையதும் என்னுடையதும்
அடுத்தடுத்த கொக்கியில்.
நீ முதலில் எடுத்துக்கொண்டாய்.
"அடுத்த தேதி மார்ச் ஒன்பது,"
பொத்தானைப் பார்த்தபடி சொன்னாய்.

தெரியும், என்றேன்.
அன்று உனக்குப் பல் டாக்டர் இருக்குமே
என்று கேட்கவில்லை.