கதவில் எழுதியவை

மிசூரியில், ஜாப்ளின் யார்டில்,
எனக்குப் பெயர் உரிக்கும் வேலை.
காலை ஏழு மணிக்கு ஹீட் கன்னைப் பிடித்தால்
வினைல் எழுத்து முதலில் வியர்க்கும்,
அப்புறம் தோள் தளரும்.
ஓரத்தில் நகம் கொடுத்து இழுத்தால்
ஆள் முழுசாய்க் கையோடு வந்துவிடுவான்.

இன்றைக்கு 4417.
லானி ப்ரூவிட், உரிமையாளர்.
சாய்வெழுத்துதான் வேண்டும் என்று நின்றான்,
அதற்கு எழுபது டாலர் கூலியில் பிடித்தார்கள்.
பதினோரு மாதம் ஓட்டினான்.

அவனை உரித்ததும் கீழே,
வெயில் படாத நீலத்தில்,
அப்திரஷீத் வர்சாமே.
அதற்கும் கீழே யாரோ ஒருவருடைய
ஒரே ஒரு எழுத்து, வால் மட்டும்.
ஒரு வண்டியை எத்தனை பேருக்குச் சொந்தமாக்கலாம்
என்று ஆபீசில் கேட்டால் தெரியும்.
எனக்குக் கதவைப் பார்த்தால் தெரியும்.

கடைசி வாரக் கணக்கை லானி
டயர் அடுக்கின் மேல் விரித்துக் காட்டினான்.
வண்டித் தவணை தொள்ளாயிரத்து எண்பத்தைந்து,
டீசல், காப்பீடு,
மைலுக்கு ஒன்பது சென்ட் பராமரிப்பு நிதி,
அவனை வேவு பார்க்கும் கேமராவுக்கு
அவனிடமே வாடகை.
வயோமிங்கில் பனி கொட்டிச் சாலையை மூடிய
இரண்டு நாளும் தவணை ஓடியது,
வண்டிதான் நின்றது.
அடியில்: –41.16
"முன்னால் இருப்பது பிரிண்டர் கறையா, பாரேன்" என்றான்.
கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன்.
போகவில்லை.

எந்தச் சரக்கை ஏற்றுவது என்று அவர்கள் சொல்வார்கள்,
எப்போது கிளம்புவது என்று அவர்கள் சொல்வார்கள்,
ஆக்ஸில் உடைந்தால் மட்டும் உன் வண்டி என்பார்கள்.
யானையை உன் தலையில் கட்டிவிட்டு
அங்குசத்தைத் தங்கள் இடுப்பிலேயே செருகிக்கொள்கிறவர்கள்.

யாருமே கட்டி முடித்ததில்லை என்றால் அது பொய்.
வெர்லீன் ஸ்டோக்ஸ் முடித்தாள்.
வீட்டைக் காலிசெய்து கேபினில் குடியேறி,
ஒவ்வொரு சில்லறையையும் பள்ளிக்கூட நோட்டில் எழுதி,
கட்டுப்படியாகாத சரக்கைச் சண்டை போட்டுத் திருப்பி,
நான்கு வருடம்.
வண்டி சொந்தமானது.
சொந்தங்கள் போனில் இருந்தார்கள்.
அந்த மாதமே டர்போ போனது.
சிரித்துக்கொண்டே வந்து நின்றாள்:
"ஒட்டாதே, பெயின்ட்டால் எழுது.
உன்னாலேயே எடுக்க முடியக் கூடாது."
கடைசி எழுத்து கொஞ்சம் வழிந்துவிட்டது.
இருக்கட்டும் என்றாள்.

மதியம் 4417-ஐப் பார்க்க
சூ நெங் யாங் வந்தான்.
கோழி ஆலையில் ஒன்பது வருடம்
ஒரே இடத்தில் நின்று
ஒரே மூட்டை வெட்டியவன்.
"எடுக்கலாமா?" என்று கேட்டான்,
ஆபீசுக்குக் கேட்காத குரலில்.
நான் துணியால் கதவைத் துடைத்தேன்.
அவ்வளவுதான் செய்தேன்.
எனக்கும் வாரக்கூலி அங்கிருந்துதான் வருகிறது.

அவன் குனிந்து எழுத்தெழுத்தாய்ப் படித்தான்,
அந்த வாலையும் சேர்த்து.
பிறகு பையிலிருந்து ஒரு காந்தப் பலகையை எடுத்தான்.
மனைவி மாய் கியா கடையில் செய்து வாங்கிய அவன் பெயர்,
சிவப்பில், பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம்.
"போகிற நாளில் நானே கழற்றிக்கொள்வேன்.
யாரும் உரிக்க வேண்டாம்."
கதவில் வைத்துக் கையை எடுத்தான்.
சிமென்ட் தரையில் தட்டென்று விழுந்தது.
இன்னொரு தடவை வைத்தான்.
"அலுமினியம்" என்றேன்.

சிரித்தானா என்று நான் கவனிக்கவில்லை.
வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டலாம் என்று
தூசி தட்டிப் பையில் வைத்தான்.
அப்புறம் ஒரு கதவு திறக்கும் சத்தம்.
ஆபீஸ் கதவா, வெளி கேட்டா,
திரும்பிப் பார்க்காமல்
ஹீட் கன்னை மறுபடி போட்டேன்.
மறுபக்கக் கதவில்
லானி இன்னும் இருந்தான்.