பொருள்: ஈரப்பதம் குறித்து

அனுப்புநர் என்ற இடத்தில்
சங்க உறுப்பினர்கள் 47 பேர் என்று எழுதியிருந்தேன்.
ஒடுகத்தூரில் ஐந்தே முக்கால் பஸ் ஏறும்போது
எத்திராஜ் காதருகில் சொன்னார்:
"தசரதன் நேத்து ராத்திரியே
யாவாரி லாரியில ஏத்திட்டான். அறுபது மூட்டை."
அணைக்கட்டு தாண்டும் வரை யாரும் பேசவில்லை.
பேனாவை எடுத்து
ஏழின் மேல் ஆறு எழுதினேன்.
பஸ் குலுங்கியதில்
அது இரண்டுமாக நின்றது.

தசரதனைத் திட்ட நாக்கு எழவில்லை.
பதினோரு நாளாய் மூட்டைகள் ரோட்டோரம்.
தார்ப்பாய்க்கு நாள் வாடகை எண்பது.
மகளுக்கு நர்சிங் காலேஜில்
பணம் கட்டக் கடைசித் தேதி நேற்று.

இந்த மனுவை நான்கு முறை எழுதினேன்.
முதலில் 'பணிந்து' என்று வந்தது, எடுத்தேன்.
பூங்காவனம் திரும்பச் சேர்க்கச் சொன்னாள்:
"பணியறதுக்குக் காசா பணமா, எழுதிடு."
சேர்த்தேன்.
தலைவர் நாகபூஷணம் மேடைப் பழக்கம் உள்ளவர்.
நெல்லில் ஈரம் பார்க்கிறவர்கள் தங்கள் நெஞ்சில்
என்று ஒரு வரி தொடங்கினார்.
அதை அடித்துவிட்டேன்.
அதற்கு மீட்டர் இல்லை.

நெல்லுக்கு இருக்கிறது.
சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் வாசலில்
போலீஸ்காரர் என் பையைத் திறந்து
"இது இன்னாம்மா?" என்றார்.
ஈரப்பதம் பார்க்கும் கருவி.
தலைக்கு இருநூறு போட்டு வாங்கியது,
ஒருவர் பாக்கி.
கூடவே ஒரு தூக்குவாளி.
"சாப்பாடா?"
ஆமாம் என்றேன். பொய்யில்லை.

டோக்கன் அறுபத்திரண்டு.
எங்களுக்கு முன்னால் ஏரி வாய்க்கால்,
பதினாறு வருடமாய் வராத பம்புசெட் இணைப்பு,
காட்டுப்பன்றி.
பன்றியைப் பற்றிப் பேசியவர் அழுதுவிட்டார்.
மைக் அதைப் பெரிதாக்கியது.
அவரவர் பேப்பரை அவரவர் பார்த்துக்கொண்டோம்.

என் முறை வந்தபோது மனுவைப் படிக்கவில்லை.
'பார்வை' என்ற இடத்தில்
முந்தைய ஆறு மனுக்களின் தேதிகள் இருந்தன,
ஒருவரும் பார்க்காத பார்வை.
வாளியைத் திறந்து மேசையில் வைத்தேன்.
"உங்க மீட்டரையும் கொண்டாரச் சொல்லுங்க சார்.
ஒரே பிடி நெல்லு."

மீட்டர் ஜீப்பில் இருக்கிறது
என்றார் கொள்முதல் அதிகாரி.
ஜீப் பள்ளிகொண்டாவில் இருக்கிறது என்றார்.
கலெக்டர் ஒன்றும் சொல்லாமல்
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
ஏழாவது நிமிடம் மீட்டர் வந்தது.
பள்ளிகொண்டா இத்தனை கிட்டம் என்பது
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எங்களுடையதில் பதினாறு புள்ளி ஏழு.
அவர்களுடையதில் பத்தொன்பது புள்ளி இரண்டு.
மறுபடி போட்டார்கள். பத்தொன்பது புள்ளி இரண்டு.
அந்த இரண்டரைக்குள்
பதினோரு நாள் இருந்தது,
இரண்டு கோடை மழை,
முளைவிட்ட அடிமூட்டைகள்.
லாரி வெளிச்சத்தில் மூட்டை எண்ணிய தசரதன்.

யாரும் கைதட்டவில்லை.
கருவி சரிபார்ப்புக்கு அனுப்பப்படும்,
நாளை முதல் மாற்றுக் கருவி என்று
ஒரு எண் போட்டுத் தந்தார்கள்.
நாகபூஷணம் அந்த எண்ணைப் போட்டோ எடுத்தார்,
எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு முறை.
ரசீது எழுதிய எழுத்தர்
"இது ஆறா, ஏழா?" என்றார்.
ஏழு என்றேன்.
பூங்காவனம் மட்டும் இன்னும் உள்ளே.
மேசைவிரிப்பின் மடிப்பில் சிந்தியதை
ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
அடுத்த டோக்கன்காரர் காத்து நின்றார்.

திரும்பும் பஸ்ஸில் போன் அடித்தது.
"இன்னா ஆச்சு?" என்றான் தசரதன்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
மோட்டார் ஓடும் சத்தம் மட்டும்.
"அப்போ என்னுதும் பதினாறுதான்
இருந்திருக்கும், இல்ல?"

ஜன்னலுக்கு வெளியே
அறுத்த வயல், அறுக்காத வயல்.
மீட்டருக்கு உன் இருநூறு பாக்கி கீது,
ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு
எடுத்துகினு வா என்றேன்.