தடை என்பதற்கான சைகை

டுலூத் நகரத்து அரசுப் பள்ளி. மார்ச், புதன்கிழமை.
ஜன்னலுக்கு வெளியே ஏரியின் பனி
இன்னும் உடையவில்லை.
விழிப்புணர்வு வாரம் என்பதால் நுழைவாசலில்
ஆளுக்கொரு ஜோடி ஆரஞ்சுக் காதடைப்பான்.
காது கேளாமை எப்படி இருக்கும் என்று
மதியம்வரை தெரிந்துகொள்ள வேண்டுமாம்.
கொடுத்தவர் நிமிர்ந்து பார்க்காமல்
மாரிட்டுக்கும் ஒரு ஜோடி நீட்டிவிட்டார்.
அவள் வாங்கி, தலையசைத்து நன்றி சொல்லி,
சிரத்தையாகத் திருகிக் காதில் செருகிக்கொண்டாள்.
"ஒரு வித்தியாசமும் இல்லையே"
என்றன என்னை நோக்கி அவள் விரல்கள்.
வேலை நேரத்தில் நான் சிரிக்கக் கூடாது.
சிரித்தேன்.

கரும்பலகைக்குப் பக்கத்தில் எனக்கொரு ஸ்டூல்.
கை துலங்க வேண்டுமென்று கறுப்புச் சட்டை.
ஆசிரியர் வாய் பேசுவது என் கைவழி அவளுக்கு,
அவள் கை பேசுவது என் வாய்வழி வகுப்புக்கு.
நடுவில் எனக்கென்று ஒரு சொல் கிடையாது.
தபால்காரர் கடிதத்தில்
தன் வரியொன்றைச் சேர்ப்பதுண்டா?

வரலாறு. இருநூற்றுப் பதினோராம் பக்கம்.
சாம்பல் நிறக் கட்டத்துக்குள் ஐந்தே வரி.
மிஸ்டர் ப்ரெக்கி சளி கட்டிய குரலில் வாசித்தார்:
ஆயிரத்து எண்ணூற்று எண்பது, மிலான் நகரம்.
காது கேளாத பிள்ளைகளின் ஆசிரியர்கள் கூடி
பள்ளிகளில் சைகைமொழி கூடாது என்று
முடிவெடுத்தார்கள்.

பாடத்தாள் முந்தின நாளே வந்திருந்தது எனக்கு.
தயாராகத்தான் இருந்தேன்.
தடை என்பதற்கான சைகை இது:
ஒரு கையை விரித்து நிறுத்தி
மறு கையின் சுட்டுவிரலால்
உள்ளங்கையில் அறைய வேண்டும்.
கை கூடாது என்பதை
கையால் கையை அடித்துச் சொன்னேன்.
கைகட்டி வாய்பொத்தி நிற்பதென்றால்
மற்றவர்களுக்கு இரண்டு வேலை.
இவர்களுக்குக் கையைக் கட்டினாலே
இரண்டும் முடிந்தது.

அடுத்த பாடம் ரயில்பாதைகள்.
ப்ரெக்கி பக்கத்தைத் திருப்பப் போனார்.
மாரிட்டின் கை மேலே இருந்தது.
விரல் அசையுமுன்பே புருவம் சுருங்கியது.
கேள்வி அவளிடம் அங்கேதான் பிறக்கும்.
நான் அவளாக, பதினான்கு வயதாகக் கேட்டேன்:
"அந்த முடிவுக்கு எப்படி வாக்களித்தார்கள்?
கையைத் தூக்கியா?"

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.
ஹீட்டர் மட்டும் இரைந்தது.
காதடைப்பானை எடுக்க மறந்த எமெட்
பக்கத்துப் பையனை இடித்து
"என்ன, என்ன கேட்டாள்?" என்றான்.
"அப்புறம் சொல்றேன்."
அதையும் மொழிபெயர்ப்பது என் கடமை.
பெயர்த்தேன்.
மாரிட் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.
பிறந்ததிலிருந்து அவளுக்கு
அதிகம் கிடைத்த வாக்கியம் அது.
இன்றுதான் முதல்முறையாக
வேறொருவனுக்குக் கிடைத்திருக்கிறது.

"எனக்குத் தெரியவில்லை" என்றார் ப்ரெக்கி.
கேள்வியைப் பலகையின் மூலையில் எழுதினார்,
'தூக்கியா' என்பதை ஒருமுறை அழித்து எழுதினார்.
பிறகு ரயில்பாதைகள்.
மணி அடித்தது.
அதையும் சொன்னேன்.

இரவு மணிக்கட்டுகளை வெந்நீரில் ஊறப்போட்டிருந்தபோது
அப்பா வந்தார் நினைவில்.
அவருடைய விடுதிப் பள்ளியில் உச்சரிப்பு வகுப்பு முடியும்வரை
கைகளைத் தொடைக்கடியில் வைத்தபடிதான் உட்கார வேண்டுமாம்.
அவர் சொன்னதில்லை.
அவரைப் புதைத்துவிட்டு வந்த மதியம்
அவருடன் படித்த கிழவர் ஒருவர்
காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு,
இரண்டு கையும் வேண்டியிருந்ததால்,
சொன்னார்.

ஒவ்வொரு பனிக்காலமும்
சமையலறை நாற்காலியில்
அப்பா அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.
குளிருக்கு என்று நினைத்திருந்தேன்.