மின்னலனுக்கு ஆள் தேடுகிறார்கள்

மின்னலனை மறுபடி எடுக்கிறார்களாம்.
முதல் படத்தில் அவனுக்கு
நைலான் சேலையில் கிழித்த மேலங்கி,
நெஞ்சில் மஞ்சளாய் ஒரு மின்னல்.
டிரான்ஸ்பார்மரைத் தொட்டால் சக்தி ஏறும்,
தண்ணீர் பட்டால் இறங்கும்.
மூன்றாம் நாளே பெட்டியைத் திருப்பி அனுப்பினார்கள்.
இப்போது பெரிய கம்பெனி, பெரிய பணம்.
ஆள் மட்டும் முடிவாகவில்லை.

வண்ணார்பேட்டையில், எங்கள் பிளெக்ஸ் கடையில்
அன்றைக்கே முடிவாகிவிட்டது,
மூன்று பேருக்கு மூன்று விதமாக.

உய்க்காட்டான் மிஷினுக்கு மை ஊற்றிக்கொண்டே
வடக்கத்தி நடிகர் ஒருவரைச் சொன்னான்.
"தோளப் பாருங்கக்கா, பக்கத்துக்கு ஒரு ஆளு உக்காரலாம்."
ஞானதிரவியம் அண்ணாச்சி
நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை.
"எவன் நடிச்சா என்னல,
கட்அவுட் ஆர்டர் நமக்கு வருமா?"
நான் சொன்னேன்:
அணைஞ்சபெருமாள்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
"மின்னலனுக்கு அணைஞ்சபெருமாளா!
பேருலயே பியூஸ் போயிருக்கேக்கா!"
அணையிறதுன்னா தழுவுறதுன்னும் உண்டுல, என்றேன்.
மிஷின் சத்தத்தில் கேட்டிருக்காது.

பதினொரு படத்தில் வந்திருக்கிறார்.
நாலில் ஏட்டு, இரண்டில் பிணம்,
ஒன்றில் கதாநாயகனுக்கு வழி சொல்பவர்.
பிணமாகக் கிடந்தபோது கன்னத்தில் ஈ உட்கார்ந்தது.
கன்னம் அசையவில்லை.
படம் முடியும்வரை எனக்கு அந்த ஈதான்.
சேரன்மகாதேவி பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி
உதட்டுக்குள் வசனம் உருட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.
வயது நாற்பத்தொன்பது.
வலது முட்டியில் பெல்ட்.

ஆனால் போன ஐப்பசியில், பாளையங்கோட்டையில்,
பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு நாடகம்.
அவர் அரசன். படை ஓடிவிட்டது.
குதிரையிடம் மன்னிப்புக் கேட்கும் கட்டம்.
குதிரை என்றால் ஒரு ஸ்டூல்.
அப்போது கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இல்லை. யாரோ விசிலடித்தார்கள்.
அவர் நிறுத்தவில்லை.
குரலைக் கூட்டுவார் என்று நினைத்தோம்,
குறைத்தார்.
மண்டபமே முன்னால் சாய்ந்தது.
சத்தியமாகச் சொல்கிறேன்,
இருட்டில் அந்தக் குதிரை மூச்சு விட்டது.
வெளிச்சம் வந்ததும் ஸ்டூலைப் பார்த்து
ஏமாந்துபோனோம்.

சக்தி என்று வேறு எதைச் சொல்வீர்கள்?

ஒரு பூப்புனித நீராட்டு,
இரண்டு கண்ணீர் அஞ்சலி முடித்தபின்
அவர் முகத்தை வெட்டி மின்னலன் உடையில் வைத்தேன்.
கழுத்து சேரவில்லை, நிறத்தை இழுத்துச் சேர்த்தேன்.
வயிற்றை உள்ளே தள்ளினேன்.
கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பை எடுத்தேன்.
ஆறுக்கு எட்டில் ஒன்று அடித்தும் பார்ப்பதாக இருந்தேன்.
உய்க்காட்டான் எட்டிப் பார்த்தான்.
"பொருந்தத்தான் செய்யுது" என்றான், வருத்தத்தோடு.

வியாழக்கிழமை அவரே வந்தார்.
நாலுக்கு மூன்று, நாடகம், அனுமதி இலவசம்.
படத்தை மூட எனக்குக் கை வரவில்லை.
கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டு
குனிந்து பார்த்தார்.
இருநூறு ரூபாய் அட்வான்ஸை மேஜையில் வைத்தார்.
மறுபடி குனிந்தார்.
"வயித்த எங்கம்மா கொண்டுபோய் வச்சே?"

அவர் முன்னாலேயே
செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் எடுத்தேன்.
கருப்பு வந்தது. வயிறு வந்தது.
அதுவரை மிதந்துகொண்டிருந்த மின்னலன்
தரையில் காலூன்றினான்.
"இவன் பறக்க மாட்டான்" என்றார்.
"ஆனா நிப்பான்."

சென்னைப் பையன் ஒருவனை எடுத்துவிட்டார்கள்.
இருபத்தாறு வயது. குறை சொல்ல முடியாது,
தோள் இருக்கிறது.
நான் அடித்த ஆறுக்கு எட்டை
அண்ணாச்சி வெங்காய வண்டி சண்முகக்கனிக்குக் கொடுத்துவிட்டார்.

கார்த்திகை மழை.
நாலு மூலையிலும் கல் வைத்து
வண்டியைப் போர்த்தியிருந்தார்.
அணைஞ்சபெருமாள் வானம் பார்த்துக் கிடந்தார்,
வயிற்றில் ஒரு குளம் தண்ணீர்.
"யாரும்மா இது? கரண்ட் ஆபீஸ்காரரா?"
"ஆமா."
"அதானே பாத்தேன்.
ஒரு சொட்டு உள்ள எறங்கல."