மேற்குப் பக்கத்து ஏழு பாளி

குறும்பனையில் வீடு கட்டினால்
பால் காய்ச்சும் முன்பே உப்பு குடிவந்துவிடும்.
மேற்கே மூன்று சன்னல், இரட்டைப் பாளி.
குளிமுறிக்கு ஒற்றை. ஆக ஏழு.
நிறம் முடிவாகிவிட்டது.
கொச்சியிலிருந்து ஹில்லாரி ஃபோனில் சொன்னார்:
"போட்டுக்கு அடிச்ச நீலம் டின்னுல மிச்சம் கெடக்கு."
தடிதான் முடிவாகவில்லை.

கருங்கல் தடி மில்லில்
மரத்தூள் மூடிய கால்குலேட்டரோடு டென்னிசன்.
தேக்கின் விலை சொன்னான்.
நான் தண்ணீர் கேட்டேன்.
"பெயின்ட் அடிக்கப் போறிய, பெறவு எதுக்கு தேக்கு?
பட்டுச்சேலைக்கு மேல மழைக்கோட்டு.
அதுல எண்ணெ வேற உண்டு, உரிஞ்சு வந்திரும்."
தன் சரக்கைத் தானே குறைசொல்கிறவனை
நம்புவதா, பயப்படுவதா?

ரப்பர் தடி வெளுப்பாக, மலிவாகக் கிடந்தது.
"சோபாவுக்குக் கொள்ளாம்.
ரெண்டு ஆனி மழை பார்த்தா
வண்டு குடியேறி நம்மகிட்டயே வாடக கேக்கும்."
வேம்பு பூச்சிக்குக் கசக்கும்,
வெயிலுக்கு முறுக்கிக்கொள்ளும்
என் நாத்தனார் மாதிரி.
(சொல்லவில்லை, நினைத்தேன்.)
பலாவின் தேன்நிறத்தை நீலத்தில் முக்க
எனக்கே மனம் வரவில்லை.
மகாகனி பேச்சுக் கேட்கும்,
பெயின்டைக் காகிதம் போல வாங்கும்.
அயினி
வள்ளம் கட்டுகிற தடி, உப்போடு பழக்கம்.
ஒரே குணக்கேடு, நனைந்தால்
உள்ளிருந்து மஞ்சள் விடும்.

"காதல் பார்த்து எடுங்க" என்றான்.
இங்கே வைரத்துக்கு அதுதான் பேர்.
நகத்தால் கீறிப் பார்த்தேன்.
ஓரத்து வெள்ளையில் கோடு விழுந்தது.
காதலில் நகம் உடைந்தது.
அயினி என்றேன்.

தேறியது ஆறு பாளிக்கு.
ஏழாவது மகாகனி.
எது எங்கே என்று ஆசாரி சுபின்
பின்புறம் பென்சிலால் எழுதினான்.
பிரைமர் ஒரு கை, நீலம் இரண்டு கை.
பென்சில் போயிற்று.
ஏழும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாய் நின்றன.

ஜூன் வந்தது.
பதினோராம் நாள் மழையில்
ஆறு பாளிகளின் அடிவிளிம்பு
மெல்லப் பச்சையாயிற்று.
மஞ்சள் கீழிருந்து ஏறி
நீலத்தோடு ஏதோ பேசி முடித்திருந்தது.
வந்தவர்கள் எல்லாம் குளிமுறிப் பாளியைத் தட்டி
"இது மட்டும் தேக்கா?" என்றார்கள்.
நான் மறுக்கவில்லை.

தடைக்காலத்துக்கு வந்த ஹில்லாரி
நனைந்தபடி முற்றத்தில் நின்று பார்த்தார்.
"நீலம்தானே சொன்னேன்?"
"நீலம்தான் அடிச்சது.
அடியில கெடக்கதுகிட்டயும் ஒரு வார்த்த
கேட்டிருக்கணும்."

அன்று இரவு மேல்காற்று.
ஆறும் அசையவில்லை.
பேச்சுக் கேட்கும் ஏழாவது மட்டும்
கொண்டியில் தட்டிக்கொண்டே இருந்தது.
அவர் எழுந்துபோய்
டென்னிசனின் துண்டுச்சீட்டை நாலாக மடித்து
இடுக்கில் செருகிவிட்டு வந்து படுத்தார்.
காலையில் பார்த்தேன்.
தேக்கின் விலை எழுதிய பக்கம்
வெளியே, மழையில்,
மை கரைந்துகொண்டிருந்தது.