பதின்மூன்று

முதல் வேலை, கடற்கரைக்குப் போய்
அந்தோனிப்பிள்ளையிடம் பழைய வலை கேட்டது.
"எதுக்கு ரீச்சர், மீன் பிடிக்கவோ?"
பிள்ளைகளைப் பிரிக்க என்றேன்.
சிரிக்காமல் இரண்டு துண்டு வெட்டித் தந்தார்.

முன்பள்ளி மூன்றானது:
சூடை, பாரை, கும்பிளா.
கூட்டத்துக்கு ஆறு பேர்,
ஆறு பாய், ஆறு குவளை,
ஒரு பெட்டி களிமண்.
சூடைகளுக்கு எட்டு மணி, முன் கேற்.
பாரைகளுக்கு எட்டேகால், பக்கத்து ஒழுங்கைப் படலை.
கும்பிளாக்கள் எட்டரைக்கு,
திருக்கடலூர் வீதியில் மான் மறித்து நின்றால்
எட்டே முக்கால்.
மான்களுக்குச் சுற்றறிக்கை போகவில்லை.
ஒரே குப்பைத்தொட்டியில்
ஏழு மூக்கு.

கை கழுவ இருபது எண்ண வேண்டும்
என்கிறது சுவரொட்டி.
எங்கள் ஆட்களுக்குப் பன்னிரண்டு வரைக்கும்தான் தரை.
அதற்கப்பால் ஒரே தாவல்:
பதினாலு, பதினேழு, இருபது!
சவர்க்கார நுரை மணிக்கட்டைத் தாண்டாது.
"திரும்ப எண்ணு" என்பா
வாளியோடு நிற்கும் குணமலர் அக்கா.
திரும்பவும் பதின்மூன்றைக் காணோம்.

மேசைக்குக் குளோரின். கதவுப் பிடிக்குக் குளோரின்.
கடதாசிக் கப்பலுக்கு என்ன அடிப்பது
என்று வழிகாட்டியில் இல்லை.
தும்மினால் முழங்கை. அழுதால்?
தூக்க வேண்டாம் என்று இருந்தது.
தூக்கினேன். பிறகு மேலங்கியை மாற்றினேன்.
நாலு தரம் மாற்றிய நாளும் உண்டு.

வலைக்குக் கண் உண்டு.
அதை நான் யோசிக்கவில்லை.
சூடைக்காரன் ஆகர்ஷனின் சுட்டுவிரல்
அந்தக் கண்ணுக்குள் அளவாகப் போகும்.
பாரைக்காரன் முஸ்னியின் விரலும்.
ஒரு செவ்வாய்க்கிழமை கண்டேன்:
களிமண்ணைப் புழுவாய் உருட்டி
ஒருவன் தள்ள, ஒருவன் இழுத்தான்.
பச்சைக்கு மஞ்சள். மஞ்சளுக்குப் பச்சை.
மாஸ்க் இரண்டும் தாடைக்குக் கீழே.
பேசாமல் இருந்துவிட்டேன்.
அவ்வளவு அமைதியாய் அவர்கள்
வேறெந்த வேலையும் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஆகர்ஷனின் அப்பாவுக்குப் பொசிற்றிவ்.
பீ.எச்.ஐ. வந்து பதிவேட்டைக் கேட்டார்,
மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே.
அன்று அவருக்குப் பதினோராவது இடமாம்.
"ஒரு குரூப்தானே மிஸ்?
மற்றதோட கலக்கேல்லத்தானே?"

பதிவேட்டில் கலக்கவில்லை.
என் கையெழுத்து, பதினெட்டு நாள்,
ஒரு வெட்டுக்கூட இல்லை.
முஸ்னியின் உம்மா தையல் ஆலையில் நாட்கூலி.
பாரைகள் ஆறு பேர், ஆறு வீடு, ஆறு அடுப்பு.
எஞ்சின் இரைந்துகொண்டே இருந்தது.

"கலந்தது" என்றேன்.
"எவ்வளவு?"
ஒரு விரல், என்றேன்.
அவர் எஞ்சினை நிறுத்தினார்.

இரண்டு கூட்டம் வீட்டோடு.
களிமண் முழுவதையும், பச்சை எது மஞ்சள் எது என்று பாராமல்,
குணமலர் அக்கா பின்வளவில் தாட்டா.
கும்பிளாக்கள் மட்டும் வந்து
வலைக்கு அந்தப் பக்கம், ஆளில்லாப் பாய்களுக்கு
"குட் மோர்னிங்" சொல்லின.

பிறகொரு காலை, சரியாக எட்டேகாலுக்கு,
ஒழுங்கைப் படலையில் முஸ்னி.
பை, தண்ணீர்ப் போத்தல், தலைகீழாய் மாஸ்க்.
"ரீச்சர், பதினாலு முடிஞ்சு!"
கம்பி கம்பியாய்த் தொட்டு எண்ணிக் காட்டினான்.
பதினொன்று, பன்னிரண்டு,
பதினாலு.

படலையைத் திறக்கவில்லை.
இரண்டு மீற்றர் தள்ளிக் குந்தியிருந்து
"பதின்மூன்று" என்றேன்.
பார்த்தான்,
நான் புதிதாய் ஒன்றை இட்டுக்கட்டியதுபோல.

உம்மா ஓடி வந்தா,
முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு.
அவனைத் தூக்கினா.
என்னைப் பார்க்கவில்லை.
தோளுக்கு மேலால் அவன் மட்டும்
ஒழுங்கை திரும்பும்வரை
சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான்,
பதி மூணு, பதி மூணு.

அவன் தொட்ட கம்பிகளைத் துடைக்க வேண்டும்.
துடைத்தேன்.