மேகம் என்று குறித்த கட்டம்

பதினாறு நாளுக்கு ஒருமுறை
காலை பத்தரையை ஒட்டி
எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் அது கடந்துபோகும்.
விச்சூரில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.
நானும்தான்.
தண்டையார்பேட்டை மாடியறையில்
எனக்குப் படம் இரண்டு நாள் தாமதமாக வரும்.

மே மாதம். மணலி முதல் மீஞ்சூர் வரை
திரை முழுக்க ஆரஞ்சு.
கண்டெய்னர் யார்டு நாற்பத்து நாலு டிகிரி,
காய்ந்த சாம்பல் குளம் நாற்பத்தாறு,
தரிசு நாற்பத்தொன்று.
நடுவில் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர்
ஒரே ஒரு நீலக் கட்டம்:
முப்பத்திரண்டு.

கணக்கு எளிது என்றுதான் பாடத்தில் இருக்கும்.
வெயில் கொடுத்ததில்
மண் உள்ளே இழுத்துக்கொண்டதைக் கழி,
காற்றைச் சுட்டதைக் கழி.
மிஞ்சுவது இலைவழி ஆவியாகிப் போன நீர்.
மேலிருந்து அதை நேராகப் பார்க்க முடியாது,
அதன் பெயரே மீதி.

அந்தக் கட்டத்தின் மீதி
நாளுக்கு ஏழு மில்லிமீட்டர்.
மழை பார்த்து நாலு மாதமான இடத்தில்,
போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும் இடத்தில்
தினம் ஆறு லாரித் தண்ணீர்
வானத்துக்குப் போகிறது.

"சென்சார் கோளாறா பார்," என்றார் புராஜெக்ட் தலைவர்.
"இல்லேன்னா நேர்ல போ.
திருட்டுத் தண்ணியா இருந்தா
அதுவே தனியா ஒரு பேப்பர்."

மணலி புதுநகரில் இறங்கி ஷேர் ஆட்டோ.
டிரெய்லர்கள் கிளப்பிய புழுதி அடங்கியபோது
யார்டு வேலிக்கு இந்தப் பக்கம் முளைக்கீரை,
அதையடுத்துச் சிறுகீரை,
கட்டுப் போட்டுக்கொண்டு சம்பூரணம்.
வெப்பம் அளக்கும் துப்பாக்கியை எடுத்ததும்
இரண்டு கையையும் தூக்கினாள்:
"சுட்டுறாதப்பா."

இலை, முப்பத்தொன்று.
யார்டின் ஜல்லி, ஐம்பத்தேழு.
"என்ன அட்ச்சிப் பாரு," என்று நெற்றியைக் காட்டினாள்.
முப்பத்தைந்து.
"கீரைய விட நான் சூடா?"
சிரித்த வேகத்தில் ஒரு கட்டு அவிழ்ந்தது.

வரப்போரமாகவே நடந்தேன்.
கொடுங்கையூரில் சாக்கடையைச் சுத்தம்செய்து
ஆலைகளுக்கு அனுப்பும் பெருங்குழாய்.
அதன் வால்வுத் தொட்டியில் ஒரு மூட்டு.
மூட்டைச் சுற்றிப் பழைய பெட்ஷீட்,
அதன் கீழே நெடுக்காகப் பிளந்த பிவிசி பைப்,
பைப் முடிகிற இடத்தில் வாய்க்கால்.

அவள் மறைக்கவில்லை.
"நான் ஒடைக்கல. அதுவா கசிஞ்சிகினு இருந்தது.
வழி மட்டும் காட்னேன்."

நான் காலையில் குளித்த தண்ணீரும்
இதில் கொஞ்சம் இருக்கலாம்.
ஒழுகாமல் போயிருந்தால் கொதிகலனில் ஏறி
குளிர்விப்புக் கோபுரத்தின் உச்சியில்
வெள்ளை வெள்ளையாகக் கிளம்பியிருக்கும்.
அங்கேயும் ஆவி, இங்கேயும் ஆவி.
அங்கே மீட்டர் உண்டு.

இரண்டு கட்டு கொடுத்தாள்.
இருபது ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டாள்.

இரவு, திரையில்
ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறி வைக்கலாம்:
தெளிவு, மேகம், மேக நிழல், தெரியவில்லை.
'தெரியவில்லை' என்று போட்டால்
யாராவது தெரிந்துகொள்ளக் கிளம்புவார்கள்.
மேகம் என்று போட்டேன்.
பழைய படங்களைத் திறந்து அவற்றிலும் போட்டேன்,
பதினோரு முறை.

போன வாரம் தலைவர் கேட்டார்:
"ஏம்ப்பா, வருஷம் பூரா
அந்த ஒரு இடத்துல மட்டும் மேகமா?"
"ரிஃபைனரி ஆவி சார்," என்றேன்.
ஆவி என்பது வரை உண்மை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார்,
வேறு ஏதோ கேட்க வாயெடுத்து
டீ சொல்லச் சொன்னார்.

வருகிற வியாழன் அது மறுபடி கடக்கிறது.
வானிலை அறிக்கை சொல்கிறது:
வடசென்னையில் தெளிந்த வானம்.